பங்கை அல்லாஹ் பிரித்துவிட்டான். நாம் எழுத வேண்டியதை எழுதினோமா?

மய்யித்தை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் ஊர் வந்திருந்த முப்பத்தாறு வயதுச் சகோதரர் ஒருவர், நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவர், ஃபஜ்ருக்குள் இறைவனிடம் மீண்டுவிட்டார். உள்ளறையில் இத்தா இருக்கும் இளம் மனைவி. ஏழு வயதில் ஒரு மகள், மூன்று வயதில் ஒரு மகன். வாசலில் போட்ட வாடகை நாற்காலிகளை எடுத்துச் செல்ல இன்னும் வண்டி வரவில்லை. அதற்குள் கணக்குப் பேச்சு தொடங்கிவிட்டது.

விசாவுக்கு நான்தான் இரண்டு லட்சம் கொடுத்தேன், எழுதி வாங்கவில்லை என்றார் மூத்த சகோதரர். உடன் வேலை பார்த்த நண்பர் தொலைபேசியில் அழைத்து, அறைத் தோழர்களின் சீட்டுப் பணம் மர்ஹூமிடம்தான் இருந்தது என்றார். மனைவியின் முப்பது பவுன் நகையை விற்று வாங்கிய மனையின் பத்திரம் கணவர் பெயரில் இருந்தது. அதில் பாதி என் பணம் என்றார் தந்தை. வங்கிக் கணக்கு எத்தனை, காப்பீடு உண்டா, யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பது எவருக்கும் தெரியவில்லை. எல்லாம் கைப்பேசிக்குள் இருந்தன. அதைத் திறக்கும் விரல் கபருக்குள் இருந்தது.

இதில் யார் பொய் சொன்னார்கள்? ஒருவேளை எவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் எது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டார். ஒரு தாள், இரண்டு சாட்சிகள், ஒரு மாலைப் பொழுது. இவ்வளவும் இருந்திருந்தால் அந்த வீட்டில் அன்று ஒருவர் மற்றவரை ஐயத்தோடு பார்த்திருக்க மாட்டார்.

ஊரையும் வயதையும் மாற்றிவிட்டால் இது நம் மஹல்லாக்கள் பலவற்றின் கதை. ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஜனாஸாவைச் சுமந்து செல்லும்போது அதையே பேசிக்கொண்டு போகிறோம். வீடு திரும்பியதும் மறந்துவிடுகிறோம். மகளின் நிக்காஹுக்கு மண்டபத்தை ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்யும் நாம், அதே மகள் நாளை யதீமாகிவிட்டால் அவள் பங்கு யார் கையில் இருக்கும் என்பதை ஒரு வரியில்கூட எழுதி வைப்பதில்லை. கேட்டால் மார்க்கத்தையே காரணமாகச் சொல்கிறோம். அந்தக் காரணங்களைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

"குர்ஆனே பிரித்துவிட்டதே, நமக்கு ஏன் உயில்?"

நாம் அதிகம் கேட்கும் பதில் இது. கேட்பதற்கு ஈமானின் குரலைப் போலவே இருக்கிறது. வாரிசுகளின் பங்குகளை அல்லாஹ்வே விதித்துவிட்டான் என்பதில் எந்த முஸ்லிமுக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பங்குகளைச் சொல்லும் வசனங்களை (4:11, 12) இவர்கள் முழுமையாக ஓதிப் பார்த்தார்களா? அந்த இரண்டு வசனங்களிலும் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப, நான்கு முறை வருகிறது: இறந்தவர் செய்த வஸிய்யத்தையும் அவருடைய கடனையும் நிறைவேற்றிய பிறகே பங்கு. அதாவது, குர்ஆன் பிரித்துத் தருவது மீதியை. மீதி எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு இறப்பவருடையது.

ஆகவே, "அல்லாஹ் பிரித்துவிட்டான்" என்று சொல்லி எழுதாமல் இருப்பவர் அந்த வசனத்தின் ஒரு பாதியை ஏற்றுக்கொண்டு மறு பாதியை விட்டுவிடுகிறார். யாருக்கு எத்தனை பங்கு என்பதில் நாம் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் என் கடன் என்ன, என்னிடமுள்ள அமானிதம் யாருடையது, என் பிள்ளைகளின் பொருளை யார் காக்க வேண்டும், வாரிசு அல்லாத எந்த உறவினருக்கு, எந்த நற்செயலுக்கு என் பொருளிலிருந்து போக வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை நம் பேனாவில்தான் இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதை எவ்வளவு அவசரமாகக் கருதினார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழி காட்டுகிறது. வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் தன்னிடம் இருக்க, அது எழுதப்படாத நிலையில் ஒரு முஸ்லிம் இரண்டு இரவுகளைக் கழிப்பதுகூடத் தகாது என்பது அதன் கருத்து. இப்னு உமர் (ரலி) அதைக் கேட்ட நாளிலிருந்து, தம்முடைய வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவைக்கூடக் கழிக்கவில்லை என்று கூறியிருக்கிறார்கள். நாம் இருபது ஆண்டு இல்லற வாழ்வைக் கழித்துவிட்டோம்.

எல்லோர் மீதும் வஸிய்யத் கடமையா என்பதில் இமாம்களிடையே விவாதம் உண்டு. ஆனால் சாட்சியில்லாத கடனோ பிறருடைய அமானிதமோ ஒருவரிடம் இருந்தால் அதை எழுதி வைப்பது அவர்மீது கடமை என்பதில் அறிஞர்கள் பிளவுபடவில்லை. நம்மில் கடனோ அமானிதமோ கொடுக்கப்படாத மஹரோ இல்லாதவர் எத்தனை பேர்?

"எனக்கென்ன கோடியா இருக்கிறது?"

இரண்டாவது காரணம் இது. செல்வந்தர்களுக்குத்தான் உயில் என்பது ஒரு பழைய மயக்கம். கோடி வைத்திருப்பவரின் குடும்பம் பல ஆண்டு வழக்கைத் தாங்கும். ஒரே மனையும் இரண்டு லட்சம் வைப்புத் தொகையும் வைத்திருப்பவரின் விதவைக்கு ஆறு மாதத் தாமதமே பட்டினி.

அந்த முப்பது பவுன் மனைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 24 லட்சம் என்று வைப்போம். மனைவி, தாய், தந்தை, ஒரு மகன், ஒரு மகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 லட்சம். தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம் ஆளுக்கு 4 லட்சம். எஞ்சிய 13 லட்சம் பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாக. இறைச்சட்டத்தில் குறை ஏதுமில்லை. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த நகை மனைவியின் தனிச் சொத்து. அதைக் கணவர் கடனாக வாங்கியிருந்தால், முதலில் அந்தக் கடன் தீர்க்கப்பட வேண்டும், பிறகுதான் பங்கு. ஆனால் "என் மனைவியிடம் முப்பது பவுன் கடன் பெற்றேன்" என்று அவர் எங்கும் எழுதவில்லை. ஆகவே அவளுடைய நகையே பங்குக்கு வந்து, அதில் எட்டில் ஒன்று அவளுக்கே வாரிசுரிமை என்று திரும்பி வருகிறது. இந்த அநீதியை ஷரீஅத் செய்யவில்லை. கணவரின் மௌனம் செய்தது.

மஹரும் அப்படியே. நிக்காஹ் தஃப்தரில் எழுதப்பட்டு, கையில் கொடுக்கப்படாத மஹர் கணவர்மீதுள்ள கடன். கணவரின் மய்யித் முன் மனைவியை நிறுத்தி, "மஹரை மன்னித்துவிடு" என்று கேட்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம், ஊர் கூடி நிற்கும்போது கேட்டுப் பெறும் மன்னிப்பு எத்தகைய மன்னிப்பு? கொடுத்திருக்க வேண்டும், அல்லது கொடுக்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும்.

கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை என்பதும், அபூகத்தாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள் என்பதும் நாம் பலமுறை பயானில் கேட்டவை. கடன் வைத்திருப்பது அவமானம் என்று நினைத்து மறைக்கிறோம். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களைப் பாருங்கள். சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர். ஜமல் போரன்று தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தமக்குப் பெருங்கவலை தம் கடன்தான் என்று சொல்லி, சொத்தை விற்று அதைத் தீர்க்குமாறு வஸிய்யத் செய்தார்கள். கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சம் இருந்தது என்கிறது புகாரியின் அறிவிப்பு. மக்கள் தம்மிடம் அமானிதமாகக் கொண்டுவந்த பொருளை, தொலைந்துவிட்டால் கொடுத்தவருக்கு இழப்பாகிவிடுமே என்று கடனாகவே ஏற்றுக்கொண்டதால் சேர்ந்த கடன் அது. அந்த மகன் கடனைத் தீர்த்த பிறகும் உடனே பங்கு வைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் மக்கள் கூடிய இடத்தில், என் தந்தையிடம் கடன் உள்ளவர்கள் வாருங்கள் என்று அறிவித்த பின்னரே பங்கு வைத்தார். தந்தை வாய் திறந்து சொல்லியிருக்காவிட்டால் மகன் எதை அறிவித்திருப்பார்?

பிள்ளைகளின் பங்கு யார் கையில்?

சிறு குழந்தைகள் உள்ள பெற்றோரிடம் நாம் உரக்கச் சொல்ல விரும்பும் பகுதி இது. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாததும் இதுவே.

கணவர் இறந்துவிட்டால் பிள்ளைகளின் சொத்துக்குத் தாயே பொறுப்பாளர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் பிள்ளையின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம், நம் நாட்டில் நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் சட்டப்படி, தாய்க்குத் தானாக வந்துவிடுவதில்லை. தந்தை, தந்தை வஸிய்யத்தில் நியமித்த பொறுப்பாளரான வஸீ, தந்தையின் தந்தை, அவர் நியமித்த வஸீ. அந்த வரிசை இவ்வளவுதான். மைனர் பிள்ளைகளின் சொத்தைத் தாய் விற்றால் அது செல்லாது என்று 1918ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பின்னர் இந்திய உச்ச நீதிமன்றமும் அந்த நிலையையே உறுதிசெய்தது. பெரியத்தாவுக்கும் சாச்சாவுக்கும் மாமாவுக்கும்கூட இந்த அதிகாரம் கிடையாது. ஊர்ப் பழக்கத்தில் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், சட்டம் கொடுக்கவில்லை.

விளைவு என்ன? மேலே சொன்ன கணக்கில் பிள்ளைகளுடைய 13 லட்சத்தின் மீது, அவர்களைப் பெற்ற தாய் சட்டப்படி கைவைக்க முடியாது. பள்ளிக் கட்டணத்துக்காக மனையை விற்க நினைத்தால் வாங்குபவர் நீதிமன்ற உத்தரவு கேட்பார். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனு, வழக்கறிஞர், வாய்தா, உத்தரவு என்று அலைய வேண்டும். பாட்டனார் உயிரோடு இருந்தால் அதிகாரம் அவருக்கு. அவர் நல்லவராக இருந்தால் நல்லது. அந்த மனையில் பாதி தன்னுடையது என்று சொல்பவரே அவராக இருந்தால்?

இதற்குத் தந்தையின் கையில் ஒரு திறவுகோல் இருக்கிறது. வஸிய்யத்தில் தாயையே வஸீயாக நியமித்துவிடலாம். பெண் வஸீயாக இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உமர் (ரலி) அவர்கள் தாம் வக்ஃபு செய்த நிலத்தின் நிர்வாகத்தைத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் ஆதார நூலான மின்ஹாஜில் இமாம் நவவி அவர்கள், தகுதி இருக்குமானால் குழந்தைகளின் வஸீயாக இருப்பதற்கு மற்ற எவரையும்விடத் தாயே ஏற்றவர் என்று எழுதியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கும் முந்தைய நூல் அது. பெண்ணின் கையில் பொறுப்பைக் கொடுக்கத் தயங்குவது நம்முடைய வழக்கம். அதை மத்ஹபின் தலையில் ஏற்றக் கூடாது.

ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது. ஹனஃபி மத்ஹபில் தந்தை நியமித்த வஸீ பாட்டனாருக்கு முன்னே வருவார். ஷாஃபிஈ மத்ஹபில் தகுதியுள்ள பாட்டனார் உயிரோடு இருந்தால் பொறுப்பு அவருக்கே. அவருக்கு மேல் தந்தை ஒரு வஸீயை நியமிக்க முடியாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதியாக வாழும் நம் மாநிலத்தில், ஒரே படிவத்தை எல்லோரும் நகலெடுத்து எழுத முடியாது என்பதற்கு இதுவே சான்று. உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிம் ஒருவரைக் கேட்டு எழுதுங்கள்.

பெற்றோர் இருவரும் ஒரே விபத்தில் இறந்துவிட்டால்? நெடுஞ்சாலைகளில் குடும்பம் குடும்பமாகப் பயணம் செய்யும் காலத்தில் இக்கேள்வியை அபசகுனம் என்று ஒதுக்க முடியாது. அப்போது குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் நீதிமன்றம், குழந்தையின் நலனோடு, இறந்துபோன பெற்றோரின் விருப்பம் ஏதேனும் இருந்தால் அதையும் கருத வேண்டும் என்று மேற்சொன்ன 1890ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டம்கூட இறந்தவரின் சொல்லைக் கேட்கக் காத்திருக்கிறது. நாம்தான் சொல்லாமல் போகிறோம்.

யதீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கையை (4:10) நாம் பிறரைக் குறித்து ஓதுகிறோம். அதற்கு முந்தைய வசனத்தை (4:9) நம்மைக் குறித்து ஓத வேண்டும். பலவீனமான பிள்ளைகளைப் பின்னே விட்டுச் செல்ல நேர்ந்தால் ஒருவர் எப்படி அஞ்சுவாரோ அந்த அச்சத்தை அது நினைவூட்டுகிறது. அந்த அச்சம் வந்தவர் எழுதாமல் உறங்க மாட்டார்.

பாட்டனார்களே, உங்களுக்கும் ஒரு கடமை

தந்தை உயிரோடிருக்கும்போதே மகன் இறந்துவிட்டால், மற்ற மகன்கள் இருக்கும் நிலையில் இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு வராது. இதை வைத்து நம் மார்க்கத்தைக் குறை கூறுபவர்கள் ஒருபுறம். "பங்கில்லை, வெளியே போ" என்று யதீம்களை அனுப்பிவிட்டு மார்க்கத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கும் சிற்றப்பன்மார்கள் மறுபுறம். இருவருமே வஸிய்யத் என்ற வாசலைக் காணாதவர்கள்.

பேரப்பிள்ளைகள் வாரிசுகளாக இல்லாத அந்த நிலையில், பாட்டனார் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அவர்களுக்கு வஸிய்யத் செய்யலாம். எவருடைய சம்மதமும் தேவையில்லை. எகிப்து 1946ஆம் ஆண்டிலேயே இதைக் கட்டாய வஸிய்யத்தாகச் சட்டமாக்கிவிட்டது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆகவே பாட்டனார் எழுதினால்தான் உண்டு. மகனை இழந்த துயரத்தில் இருக்கும் முதியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறோம். ஆனால் அவர் கண்மூடிய மறுநாள் அந்த யதீம்கள் வாசலில் நிற்கும் காட்சியைக் காணத் தயங்குவதில்லை.

வளர்ப்புப் பிள்ளை, நம்மைக் காலமெல்லாம் பராமரித்த உறவினர், இஸ்லாத்தைத் தழுவியவர்களுடைய முஸ்லிமல்லாத பெற்றோர் ஆகியோருக்கும் இந்த மூன்றில் ஒரு பங்கே வழி.

வஸிய்யத் என்ற பெயரில் அநீதி வேண்டாம்

எழுதுங்கள் என்று நாம் சொல்லும்போது, எதையும் எழுதலாம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். "எல்லாவற்றையும் ஆண் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டேன், பெண்ணுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டுவிட்டோமே" என்று பெருமையோடு சொல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இது வஸிய்யத் ஆகாது. அல்லாஹ் விதித்த பங்கை மாற்ற முயலும் துணிச்சல் இது.

வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. மற்ற வாரிசுகள், அவர் இறந்த பிறகு, மனமொப்பி இசைந்தால் தவிர அது செல்லாது. மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுதினாலும் அவ்வாறே. ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யக் கேட்டார்கள். பிறகு பாதியைக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்து, மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது சிறந்தது என்று காரணமும் சொன்னார்கள். பள்ளிவாசலுக்கு எழுதினாலும் இந்த எல்லை உண்டு என்பதை நிர்வாகிகளும் மனத்தில் கொள்ள வேண்டும்.

உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளுக்கு ஹிபா கொடுக்கலாம். அதில் சொத்தை உண்மையாகவே ஒப்படைத்திருக்க வேண்டும். பிள்ளைகளிடையே நீதி இருக்க வேண்டும். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அதற்குச் சாட்சியாக இருக்கக் கேட்டு வந்த தந்தையிடம், அநீதிக்குத் தாம் சாட்சியாக மாட்டேன் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

"நாமினி போட்டிருக்கிறேனே!"

படித்தவர்கள் சொல்லும் காரணம் இது. வங்கிக் கணக்கின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உடையவர். அந்தப் பணத்தின் உரிமையாளர் அல்லர். அது வாரிசுகளுக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மார்க்கத்தின் நிலையும் அதுவே. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும். கடனையோ அமானிதத்தையோ வஸீயையோ சொல்லாது.

எந்த வங்கியில் கணக்கு என்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போனால், பத்தாண்டுகள் எவரும் கோராத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்கென்றே 2023இல் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்க வேண்டியிருந்தது. பாலைவனத்தில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம், பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய புதையலாகிவிட வேண்டுமா?

எப்படி எழுதுவது?

முஸ்லிம்களின் வஸிய்யத் வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் அதை மெய்ப்பிப்பது கடினம். ஆகவே எழுத்தில் இருக்கட்டும். நீதியுள்ள இரண்டு சாட்சிகள் இருக்கட்டும். பயணத்தில் மரணம் நெருங்கினால்கூட வஸிய்யத்துக்கு இருவரைச் சாட்சியாக்கச் சொல்லும் இறைவசனம் (5:106), விமானம் ஏறும் நம் இளைஞர்களுக்கு இன்னும் பொருந்துகிறது. முத்திரைத்தாள் கட்டணம் தேவையில்லை. வெள்ளைத் தாளே போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்துவிட்டால் பிற்காலத்தில் மறுப்பவர் வாய் அடைபடும். உயிரோடிருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தேதியை மறவாமல் இடுங்கள்.

அதில் இருக்க வேண்டியவை:

1. நாம் கொடுக்க வேண்டிய கடன்கள்: மஹர், மனைவியிடம் வாங்கிய நகை, உறவினர் கைமாற்று, வங்கிக் கடன். நமக்கு வர வேண்டியவையும்.
2. நம்மிடமுள்ள அமானிதங்கள்: சீட்டுப் பணம், ஜமாஅத் பணம், பிறர் கொடுத்து வைத்த நகை, பத்திரம்.
3. அல்லாஹ்வுக்குச் செலுத்த வேண்டியவை: விடுபட்ட ஸகாத், கடமையாகியும் செய்யாத ஹஜ், நோன்பின் ஃபித்யா.
4. சொத்து, கணக்கு, காப்பீட்டின் பட்டியல். எவருடைய பணத்தில் எது வாங்கப்பட்டது என்ற உண்மை.
5. வஸிய்யத்தை நிறைவேற்றுபவரின் பெயர். மைனர் பிள்ளைகளின் சொத்துக்கு வஸீ. அவரால் இயலாவிட்டால் அடுத்தவர்.
6. பெற்றோர் இருவரும் இல்லாவிட்டால் பிள்ளைகளை யார் வளர்க்க வேண்டும் என்ற விருப்பம். அவரிடம் முன்பே கேட்டுச் சம்மதம் பெற்றுவிடுங்கள்.
7. மூன்றில் ஒரு பங்குக்குள், வாரிசல்லாதோருக்கும் நற்காரியத்துக்கும் கொடுப்பது.

தாய்மார்களும் எழுத வேண்டும். நகையில் எது தாய்வீட்டுச் சீர், எது கணவர் கொடுத்தது, எது இரவல் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். எழுதி முடித்ததை யாருக்கும் தெரியாத பெட்டியில் பூட்டி வைப்பதும் எழுதாததும் ஒன்றே. எங்கே இருக்கிறது என்பது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு கேள்வி

நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் தஃப்தர் வைத்திருக்கின்றன; கபர்ஸ்தானுக்குப் பதிவேடு வைத்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே மனிதன் வாழ்ந்து சேர்த்த பொறுப்புகளுக்கு ஒரு வழிகாட்டலும் இல்லை. பாகப்பிரிவினைத் தகராறில் இரவு பதினொரு மணிவரை பஞ்சாயத்து நடத்தத் தெரிந்த நமக்கு, அந்தத் தகராறு பிறக்காமல் தடுக்க ஆண்டுக்கு ஒரு ஜும்ஆ உரை தரத் தெரியவில்லை. நிக்காஹ் நாளில் மணமகன் கையில் ஒரு வஸிய்யத் படிவத்தைக் கொடுத்தால் என்ன? ரமளானில் ஒரு நாள், ஊர் ஆலிமும் ஒரு வழக்கறிஞரும் பள்ளிவாசலில் அமர்ந்து, வருபவர்களுக்கு எழுத உதவினால் என்ன? செலவு ஏதுமில்லை. வெட்கம் மட்டுமே தடையாக இருக்கிறது.

உயில் எழுதினால் சாவு வரும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். எழுதாதவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிடுவது அன்று என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளின் நாளையை மட்டும் ஏன் கட்டாமல் விடுகிறோம்?

அந்த ஏழு வயது மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். மனை இன்னும் விற்கப்படவில்லை, வழக்கு நடக்கிறது. பாட்டனாரும் தாயும் பேசிக்கொள்வதில்லை. நல்ல மனிதர்கள் இருவர், ஒரு தாள் இல்லாததால் பகைவர்களாகிவிட்டார்கள்.

இன்று இஷா தொழுது வந்ததும் பேனாவை எடுங்கள். முதலில் கடன்களை மட்டும் எழுதுங்கள். மற்றவற்றை நாளை எழுதலாம். நமக்குத் தரப்பட்டிருக்கும் அவகாசம் இரண்டு இரவுகள்.

நம் கடன்களை நம் கையாலேயே தீர்த்துச் செல்லும் பாக்கியத்தையும், நம் பிள்ளைகளுக்கு நீதியுள்ள காப்பாளர்களையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.